தையில் ஒரு தீ, சித்திரையில் ஒரு தீ

இன்றைய சொற்பொழிவின் பொருள் மலைத்தீ. தீயோடு பழகி வளர்ந்த மேற்குமலைக் காடுகளையும், அங்கு மட்டுமே காணப்படும் அரிய செடிகொடிகளையும் காப்பது எப்படி என்பதே பேச்சு.

ஜெகதாப்பட்டினம் என்ற மீனவ ஊரில், நெய்தல் நிலத்தில் கூடியிருப்பவர்களுக்குக் குறிஞ்சி நிலத்தின் கவலை எதற்கு? நீர்வழியைப் பின்தொடர்ந்து போனால் விடை கிடைக்கும். நீலகிரியின் முக்குருத்தி மலையைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் பைக்காரா ஆறு பிறக்கிறது. மலையை விட்டு இறங்கியதும் அதற்குப் பெயர் மாயாறு. அதே மலைத்தொடரின் மறுபக்கம், மேல்பவானிப் புல்வெளிகளில் பவானி பிறக்கிறது. அது கேரளத்து அட்டப்பாடிக்குள் போய்த் தமிழகத்துக்குத் திரும்பி வருகிறது. இரண்டும் பவானிசாகரில் கூடுகின்றன. பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. காவிரி கல்லணைக்கு வருகிறது. அங்கே பிரிகிற கல்லணைக் கால்வாய் 148 கிலோமீட்டர் ஓடிப் புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் வந்து முடிகிறது. முக்குருத்தியில் ஒரு புல்லின் வேர் பிடித்து வைத்த மழைநீரில் கொஞ்சமாவது இந்த மாவட்டத்தின் கடைமடை வரைக்கும் வரக்கூடும். மலை எரிந்தால் அந்தச் செய்தி தொலைவிலுள்ள ஊரின் செய்தி என்று கடந்துபோக முடியாது.

மலை ஏன் எரிகிறது? மார்கழியோடு மழை ஓய்கிறது. தையில் பனி இறங்குகிறது. மாசியில் இலையுதிர் காட்டு மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன. பங்குனி பிறக்கும்போது சருகு கணுக்கால் அளவு கிடக்கிறது. பருவமழையில் ஆளுயரம் வளர்ந்த புல் வைக்கோலாக நிற்கிறது. பிப்ரவரி முதல் மே வரை ஒரு பொறி போதும். அந்தப் பொறி பெரும்பாலும் மனிதன் கையிலிருந்தே விழுகிறது. வறண்ட மாதங்களில் மின்னல் அரிது. கோடை இடி வரும்போது கூடவே மழையும் வந்துவிடுகிறது. சமைத்துவிட்டு அணைக்காத அடுப்பு, அணையாத பீடித்துண்டு, புது மேய்ச்சலுக்காக வைத்த தீ, சில நேரம் பகைக்காக வைத்த தீ. காரணங்கள் இவைதான்.

2018 மார்ச் 11ஆம் நாளைத் தமிழகம் மறக்கவில்லை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போன இளைஞர்களைப் புல்தீ சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் ஏறும் தீ மேட்டை நோக்கி ஓடும்போது மனிதக் கால்களை முந்திவிடும். சரிவு கூடக் கூட அதன் வேகமும் கூடும். அதற்குப் பிறகு தீக்காலத்தில் மலையேற்றத்துக்குத் தடை விதிப்பது வழக்கமாகிவிட்டது. அது சரியான தடை.

அப்படியானால் மலையில் தீயே கூடாது என்று முடிவு கட்டிவிடலாமா? 19ஆம் நூற்றாண்டிலிருந்து வனச்சட்டங்கள் அப்படித்தான் முடிவு கட்டியிருக்கின்றன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டமும், 1927ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டமும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கின. ஆனால் மலைக்காடு என்பது ஒரே காடு அல்ல. அடிவாரத்தில் தீயைத் தாங்கும் காடு. உச்சியில் தீயோடு வாழும் புல்வெளி. புல்வெளியின் மடிப்புகளில் தீ பட்டால் செத்துப்போகும் சோலை. மூன்றையும் ஒரே விதியால் காக்க முடியாது. எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது, யார் கையால் எரிகிறது என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு தீயிடமும் கேட்டாக வேண்டும்.

முதலில் அடிவாரம். முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம், அதையடுத்துக் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை. இந்த நீண்ட பட்டை முழுவதும் பெரும்பாலும் இலையுதிர் காடு. தேக்கு, வேங்கை, கருமருது, வெண்தேக்கு, நெல்லி ஆகியவை இடைவெளி விட்டு நிற்கும். இடையில் புல் வளரும். இந்தக் காட்டின் ஒவ்வொரு உறுப்பிலும் தீயின் வடு இருக்கிறது. கருமருதின் பட்டையைப் பார்த்தவர்களுக்கு முதலையின் முதுகு நினைவுக்கு வரும். கட்டங்கட்டமாக வெடித்த தடித்த பட்டை அது. தரையோடு ஓடும் சருகுத் தீ அதன் வெளிப்புறத்தைக் கருக்கிவிட்டுப் போகும். உள்ளே சாறோடும் பகுதிக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் தீ அடுத்த மரத்துக்கு நகர்ந்திருக்கும். தேக்கங்கன்று வேறு வழியில் தப்புகிறது. மேலே தெரியும் தண்டு கருகிப் போனாலும் மண்ணுக்குள் கிழங்குபோல் திரண்ட வேர் பிழைத்திருக்கும். மழை வந்ததும் அது மறுபடி துளிர்க்கும். மறு ஆண்டும் கருகும், மறுபடியும் துளிர்க்கும். ஒவ்வொரு முறையும் வேர் பருத்துக்கொண்டே போகும். நாலைந்து ஆண்டு தொடர்ந்து தீ வராத ஒரு வாய்ப்புக் கிடைத்தால், சேர்த்து வைத்த வலுவையெல்லாம் கொட்டி ஒரே மூச்சில் தீ எட்டாத உயரத்துக்கு எழுந்துவிடும்.

இந்தக் காட்டில் மலையீச்சு என்றொரு குட்டைப் பனையினம் உண்டு. அதன் ஓலைத்துடைப்பம் பலருக்கும் தெரிந்ததுதான். மலைப் பழங்குடிகளான இருளரும் சோளகரும் மலையிலிருந்து வெட்டி இறக்கும் ஓலை அது. மலையீச்சின் தண்டைச் சுற்றி உதிர்ந்த மட்டைகளின் அடிப்பாகங்கள் கவசம் போல் அடுக்கியிருக்கும். ஓலையெல்லாம் எரிந்தாலும் நடுக்குருத்து பிழைத்துக்கொள்ளும். தீ கடந்தபின் கரித்தரையில் முதலில் பச்சையாகத் தெரிபவற்றில் மலையீச்சின் குருத்தும் ஒன்று.

இதைவிடப் பழைய குடிமகன் ஒருவன் அதே சரிவுகளில் நிற்கிறான். நாட்டு மருந்துக்கடையில் மதனகாமப்பூ என்று ஒன்று விற்பார்கள். அது பூ அல்ல. சைகஸ் இனத்து ஆண்மரத்தின் கூம்பு. மலையாளத்தில் ஈந்து என்பார்கள். பனையைப்போல் தெரிந்தாலும் பனையோடு உறவில்லாதது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே உலகில் பரவியிருந்த குலம் அது. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. கொட்டையில் நஞ்சு உண்டு. அதை ஊறவைத்து, நீர் மாற்றி, நஞ்சு போக்கி மாவாக்கிச் சாப்பிடும் முறையை மலைமக்கள் அறிந்திருக்கிறார்கள். இந்த மரத்தின் தண்டும் ஓலையடிகளால் கவசமிட்டது. தீ ஓடிய பிறகு புது ஓலைக் கிரீடத்தோடு எழுந்து நிற்கும். ஆனால் தீ தாங்கும் இந்த மரம் கத்தியைத் தாங்கவில்லை. மருந்துக்காகக் கூம்பை முதிராமலேயே வெட்டுகிறார்கள். காடும் சுருங்குகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுக் குலம் ஒன்று மருந்துக்கடைச் சாக்குக்குள் முடிந்துபோகக் கூடாது.

தீயை முழுவதும் விலக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பாடம் பர்மாவில் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டிச் செட்டிநாட்டு வீடுகளுக்குப் போனால் பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிப் பார்க்கலாம். அந்த ஒவ்வொரு தூணும் கன்றாக இருந்த காலத்தில் பல தீக்காலங்களைக் கடந்து வந்த மரம். ஆங்கிலேய வனத்துறை அந்தக் காடுகளில் தீயை அறவே தடுத்தது. ஈரத் தேக்குக் காடுகளில் மூங்கிலும் பச்சைப் புதரும் மண்டின. தேக்கங்கன்றுகள் வெயில் காணாமல் மடிந்தன. 1896இல் ஸ்லேட் என்ற வன அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிவிட்டது என்று 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் எழுதினார். துறைக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் காடுகளில் தடுப்பு தளர்ந்தது. மரத்தை விற்றுப் பணம் பண்ண வந்தவர்களே நூறு ஆண்டுக்கு முன்னால் கண்டுகொண்ட உண்மை இது.

அதே பாடம் நம் பக்கத்து மலையில் மறுபடியும் எழுதப்பட்டது. பிலிகிரிரங்கன் மலை மேற்குத்தொடர்ச்சி மலையையும் கிழக்குத்தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாலம். சோளகர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்கள் பேச்சில் 'தரகு பெங்கி' என்றொரு சொல் உண்டு. தரகு என்றால் சருகு. பெங்கி என்றால் தீ. தை, மாசி மாதங்களில் புல்லின் அடியில் இன்னும் பனி ஈரம் இருக்கும்போது, காட்டுக்குள் நடந்துகொண்டே துண்டு துண்டாகச் சருகுக்குத் தீ வைப்பார்கள். காலையில் வைத்தது மாலையில் பனி இறங்கியதும் தானே அணையும். முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. பெரிய மரத்தைத் தொடாது. தரையிலுள்ள சருகு மட்டும் தீரும். பங்குனியில் எங்கிருந்தோ ஒரு பொறி வந்தாலும் பெருந்தீக்கு விறகு இருக்காது.

அந்தத் தீயால் வேறு பயனும் இருந்தது என்று சோளகர் சொல்கிறார்கள். காட்டு நெல்லிக்காய் அவர்களுக்கு முக்கியமான வருமானம். நெல்லிமரத்தின் பெரும்பகை புல்லுருவி. பறவையின் எச்சத்தோடு கிளையில் வந்து ஒட்டி, வேரை மரத்துக்குள்ளேயே இறக்கி, சாறுண்டு வளரும். அதன் பிடியில் கிளை காயும், காய்ப்பு குறையும், கடைசியில் மரமே பட்டுப்போகும். சருகுத் தீயின் சூடும் புகையும் புல்லுருவியைக் கட்டுக்குள் வைத்திருந்தன என்பது சோளகர் அனுபவம். தீ நின்றது, புல்லுருவி பெருகியது என்கிறார்கள். ஆய்வாளர்கள் இதைப் பழங்கதையாகத் தள்ளவில்லை. சோளகரிடம் கேட்டு எழுதி, அறிவியல் இதழ்களில் வெளியிட்டார்கள். காட்டை நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு ஆய்வுக்கூடத்தில் கிடைக்காத தகவல் கிடைக்கும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயரைச் சொல்லியே அன்றைய மீன்பாட்டைக் கணிக்கும் மனிதர்கள் நிறைந்த ஓர் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1974இல் பிலிகிரிரங்கன் மலை வன உயிரினச் சரணாலயமானது. தீக்கான தடை இறுகியது. சோளகரின் தரகு பெங்கி நின்றது. காலியான இடத்துக்கு உண்ணிச்செடி வந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து அழகாகத் தெரியும் அந்தச் செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரத்துக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. பூங்காவின் வேலியைத் தாண்டிப் பறவைகள் அதைக் கொண்டு போயின. பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் பிலிகிரிரங்கன் மலையில் ஒரே இடங்களை 1997இலும் 2008இலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1997இல் 41 விழுக்காட்டு இடங்களில் இருந்த உண்ணிச்செடி 2008இல் 81 விழுக்காட்டு இடங்களுக்குப் பரவியிருந்தது. பதினோரே ஆண்டுகளில் இரண்டு மடங்கு.

இந்தக் கடலோரத்தவர்களுக்கு உண்ணிச்செடியைப் புரியவைக்க ஒரு சொல் போதும்: சீமைக் கருவேலம். கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் அது செய்ததை, மலைக்கு உண்ணிச்செடி செய்கிறது. அதன் நிழலில் புல் முளைக்காது. புல் இல்லாத காட்டில் மானும் காட்டெருதும் மேய முடியாது. நெல்லிக்கன்றும் வேங்கைக்கன்றும் எழ முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தீயின் குணத்தையே அது மாற்றிவிடுகிறது. முழங்கால் உயரச் சருகுத் தீ, உண்ணிச்செடியின் காய்ந்த கிளைகளை ஏணியாகப் பிடித்து மரக்கிளைக்கு ஏறுகிறது. காலங்காலமாகத் தீயைத் தாங்கிய மரம் அந்தத் தீயைத் தாங்காது. அதன் பட்டை தரையில் ஓடும் தீக்காக உருவானது. தலைக்கு மேல் எரியும் தீக்காக அல்ல. எரிந்த பிறகு முதலில் வேரிலிருந்து துளிர்ப்பதும் உண்ணிச்செடிதான். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் எரிந்தபோது, அந்தக் காட்டில் மண்டியிருந்த உண்ணிச்செடியின் பங்கு பெரிதாகப் பேசப்பட்டது.

இவ்வளவும் கேட்டபின், காட்டுக்குத் தீ வைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அதற்கு எதிரான சான்றும் நம் கையிலேயே இருக்கிறது. 1988இல் முதுமலைக் காட்டுக்குள் இந்திய அறிவியல் கழகம் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, அதிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தது. முதல் கணக்கில் 70க்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த சுமார் 26,000 தண்டுகள். பேராசிரியர் ஆர். சுகுமார் தலைமையில் தொடங்கிய அந்தக் கணக்கு, ஆண்டுதோறும் எது செத்தது, எது பிறந்தது, எங்கே தீ ஓடியது என்று பதிவு செய்து வந்திருக்கிறது. பெரிய மரங்களைத் தீ அவ்வளவாகத் தொடுவதில்லை. இளந்தண்டுகளைத்தான் வாரிக்கொண்டு போகிறது. இதற்கு மேல் ஓர் எண்: 1989 முதல் 2002 வரையான தீப்பதிவுகளை ஆராய்ந்தபோது, முதுமலையில் ஒரே இடத்துக்குத் தீ திரும்பி வரும் இடைவெளி சராசரியாக 3.3 ஆண்டு என்று தெரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இதைப்போல் மூன்று மடங்கு. தேக்கங்கன்று தலைதூக்க நாலைந்து ஆண்டு கேட்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எரித்தால் அது எப்போது மரமாகும்? முதியோர் மட்டும் இருந்து, குழந்தைகள் இல்லாத ஊரைப்போல் ஆகிவிடும் காடு.

ஆகவே ஒரு மலையில் தீ முற்றாக நின்றதால் கேடு. இன்னொரு மலையில் தீ அடிக்கடி வந்ததால் கேடு. இரண்டு மலைக்கும் இடையில் பெரிய தூரம்கூட இல்லை.

இனி உச்சிக்குப் போகலாம். 1,800 மீட்டருக்கு மேல் நீலகிரியும் பழனிமலையும் ஆனைமலையும் வேறு உலகம். கண்ணுக்கெட்டிய வரை புல்மேடுகள். மேடுகளுக்கிடையே நீர் ஓடும் மடிப்புகளில் குட்டையான, அடர்ந்த, பாசி போர்த்திய சோலைகள். சோலை மரத்தின் பட்டை மெலிது. ஈரமே அதன் காவல். தீ ஓரத்தை நக்கிவிட்டு நிற்கும். உள்ளே புகுந்துவிட்டால் அந்தச் சோலை மீள்வதற்கு மனித வாழ்நாள் போதாது. சோலைக்குள் தீக்கு இடமே இல்லை. அதில் எந்தச் சமரசமும் கூடாது.

புல்வெளியின் கதை வேறு. காட்டை அழித்து மனிதன் உண்டாக்கிய பொட்டல் அது என்று நெடுநாள் நினைத்தார்கள். 1993இல் சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணைத் தோண்டி, அதில் படிந்த கார்பனின் வகையைப் பிரித்துப் பார்த்தார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது என்று மண் சொன்னது. மனிதன் அங்கே உழுது விதைப்பதற்கு வெகுகாலம் முன்பே புல் அங்கே இருக்கிறது.

அந்தப் புல்வெளியில் ஆண்டின் வறண்ட மாதங்களில் நடப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உயிரெல்லாம் தரைக்குள் இருக்கும். தரை ஆர்க்கிட்கள் கிழங்காகத் தூங்கும். பூச்சி பிடித்துண்ணும் துரோசெரா கிழங்காகச் சுருங்கியிருக்கும். தையில் ஒரு மெல்லிய தீ மேலே ஓடினாலும் கீழே இவற்றுக்குச் செய்தி போய்ச் சேராது. ஆனியில் மழை பிடித்ததும் ஒவ்வொன்றாக எழுந்து பூக்கும். மேட்டில் தனித்து நின்று செந்நிறமாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரம் இருக்கிறதே, இமயத்தில் வாழும் இனத்தின் தென்னாட்டுக் கிளை அது. அதன் தடித்த பட்டை தீயைத் தாங்கும். அடியிலிருந்து மறுபடி துளிர்க்கவும் செய்யும். சோலையைச் சேராமல் புல்லின் நடுவே தனியாக நிற்கும் துணிவு அதற்கு அப்படித்தான் வந்தது.

குறிஞ்சி மட்டும் கணக்கில் கடினமானது. 12 ஆண்டு வளர்ந்து, ஒரே ஒருமுறை மலை முழுவதும் நீலமாகப் பூத்து, விதை போட்டு மடிகிறது. 2006இல் பூத்தது. 2018இல் பூத்தது. அடுத்து 2030. தாய்ச்செடி காய்ந்து நிற்க, விதையும் முளையும் தரையில் கிடக்கும் காலமே அதன் மிக மெல்லிய காலம். அப்போது கடுந்தீ ஓடினால் அந்தச் சரிவில் ஒரு தலைமுறையே போகும். புல்லுக்கு ஏற்ற தீ குறிஞ்சிக்கு ஏற்ற தீ ஆகாது. ஒரே சரிவிலும் இடம் பார்த்து, ஆண்டு பார்த்துத்தான் எரிக்க வேண்டும்.

இடம் பார்த்து எரிப்பது நடக்கிற காரியமா? மூணாறுக்கு மேலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் பல காலமாக நடக்கிறது. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவில், குளிர்மாதங்களின் இறுதியில், முதுவர் பழங்குடியினரின் துணையோடு வனத்துறை புல்லைத் துண்டு துண்டாக எரிக்கிறது. இந்த ஆண்டு எரித்த துண்டை மறு ஆண்டு தொடுவதில்லை. எரிந்த துண்டில் எழும் இளம்புல்லை வரையாடு தேடி வந்து மேய்கிறது. நம் மாநில விலங்கான அந்த வரையாட்டுக்காகத் தமிழ்நாடு அரசு தனித் திட்டமே தொடங்கியிருக்கிறது. 2024இல் 1,031ஆக இருந்த தமிழக வரையாடுகளின் எண்ணிக்கை, 2025 கணக்கெடுப்பில் 1,303. ஆட்டைக் காப்பது என்றால் புல்லைக் காப்பது. புல்லைக் காப்பது என்றால் அதற்குரிய தீயையும் அறிந்துகொள்வது.

நீலகிரியின் தோடர் பழங்குடியினரும் அந்தத் தீயை அறிந்திருந்தார்கள். எருமை மேயும் புல்வெளிக்குக் குளிர்காலத்தில் அவர்களும் தீ வைத்தவர்களே. அவர்களுடைய கோயிலின் வளைந்த கூரையை வேய்வதற்கு ஒரே ஒரு புல்தான் ஏற்றது. நீலகிரியின் சதுப்புகளில் மட்டும் வளரும் அரிய புல் அது. தாவரவியலில் அதன் பெயர் எரியோகிரிசிஸ் ரங்காச்சாரியை. கோவை வேளாண் கல்லூரியில் பணியாற்றித் தென்னிந்தியப் புல்வகைகளைப் பற்றி 1921இல் நூல் எழுதிய தாவரவியலாளர் ரங்காச்சாரியின் பெயரை அது சுமக்கிறது. இன்று ஒரு கோயிலை வேய்வதற்குத் தேவையான புல்லைச் சேர்க்கத் தோடர்கள் மலைமலையாக அலைகிறார்கள். அந்தப் புல் போனால் கூரை மட்டுமா போகும்? ஒரு மக்களின் வழிபாட்டு வடிவமே போகும்.

அந்தப் புல் எங்கே போனது? தீ அதைத் தின்னவில்லை. மரம் தின்றது. ஆங்கிலேயர் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகையையும் கொண்டு வந்தார்கள். வெற்று நிலம் என்று நினைத்துப் புல்வெளிகளில் நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. பழனிமலையில் மட்டும் 1973இலிருந்து 2014க்குள் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்து மக்களுக்குத் தைலமரக் காட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தைலமரத்தைத்தான் நீலகிரியில் கற்பூர மரம் என்கிறார்கள். இங்கே ஓடைகளின் மேட்டுநிலத்தில் நட்டதை, அங்கே ஆறுகளின் தலைமாட்டில் நட்டார்கள். இதில் சீகை இன்னும் பொல்லாதது. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும். தீ பட்டதும் ஓடு வெடித்து ஆயிரக்கணக்கில் முளைக்கும். சீகை ஏறிய புல்வெளியில் பழைய தோடர் தீயை வைத்தால் புல் வராது, சீகைதான் வரும்.

வரிசை முக்கியம் என்பது இங்கேதான் விளங்கும். முதலில் அந்நியச் செடியை அகற்ற வேண்டும். உண்ணிச்செடியை வெட்டினால் தழைக்கும், எரித்தாலும் தழைக்கும். தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு காட்டிய வழி எளிது. தண்டும் வேரும் கூடும் கழுத்துக்குக் கீழே மண்வெட்டியால் அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. அது மறுபடி துளிர்க்காது. பறவைகள் விதை போடும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளை அடுத்த சில ஆண்டுகளுக்குப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை வரவைக்க வேண்டும். அதன் பிறகுதான் தீயைப் பற்றிப் பேசலாம். வரிசை மாறினால் செலவும் வீண், காடும் வீண். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் அந்நிய மரமான மஞ்சள் கொன்றையை அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் வெட்டிய உண்ணிச்செடிக் குச்சிகளால் நிஜ அளவில் யானைகள் செய்தார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன. காட்டைக் கெடுத்த குச்சி சோறு போட்டது.

அடுத்து, தீத்தடுப்புக் கோடு. தை பிறந்ததும் வனத்துறை, சாலையோரத்திலும் எல்லையிலும் அகலமான பட்டைகளாகப் புல்லை வெட்டி எரித்துத் தரையை வெறுமையாக்குகிறது. வெளியிலிருந்து வரும் தீ அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவர்களும், தீ வந்தால் பச்சைக்கிளையை ஒடித்துக்கொண்டு அடிக்க ஓடுபவர்களும், எதிர்த்தீ வைத்துப் பெருந்தீயை மடக்குபவர்களும் யார்? பெரும்பாலும் இருளர், குறும்பர், சோளகர் வீட்டுப் பிள்ளைகள். தீக்காலத்துக்கு மட்டும் கூலிக்கு எடுக்கப்படும் தீக்காவலர்கள். அவர்கள் கையில் தீயை அணைக்கும் பொறுப்பைக் கொடுக்கும் அரசு, எங்கே எப்போது எரிக்கலாம் என்ற யோசனையை மட்டும் அவர்களிடம் கேட்பதில்லை. இது பெரிய குறை.

உலகின் சில நாடுகள் இந்தத் தயக்கத்தைக் கடந்துவிட்டன. கலிஃபோர்னியாவின் செக்கோயா மரங்கள், உலகின் மிகப் பெரிய மரங்கள், தீத்தடுப்பால் கன்று விடாமல் நின்றன. கூம்பு திறக்கத் தீயின் சூடு வேண்டும், விதை முளைக்கச் சாம்பல் படிந்த மண் வேண்டும் என்று தெரிந்ததும், 1968இலிருந்து தேசியப் பூங்கா அதிகாரிகளே திட்டமிட்டு எரிக்கத் தொடங்கினார்கள். வட ஆஸ்திரேலியாவில் பூர்வகுடியினர் வறட்சியின் தொடக்கத்திலேயே துண்டு துண்டாக எரித்து, பின்பருவப் பெருந்தீயைக் குறைக்கிறார்கள். அந்த வேலைக்கு அரசுத் திட்டத்தின் வழியாக வருமானமும் பெறுகிறார்கள்.

வெளிநாடு வரை போகவும் தேவையில்லை. இந்தப் பாக் நீரிணைக் கரையில் விசைப்படகு திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுக்குத் தடை. கடலை யாரும் பூட்டி வைக்கவில்லை. யார், எப்போது, எங்கே என்று வகுத்திருக்கிறார்கள். இழப்பும் சச்சரவும் இருந்தாலும் அந்த வகுப்பு நிற்கிறது. மலையிலும் அப்படி ஒரு வகுப்பு வேண்டும். சோலைக்குள் எந்த நாளும் தீ இல்லை. இலையுதிர் காட்டில் உண்ணிச்செடி அகற்றிய இடங்களில், பல ஆண்டு இடைவெளியில், தையில் மட்டும், சோளகரும் வனத்துறையும் சேர்ந்து வைக்கும் சருகுத் தீ. புல்வெளியில் குறிஞ்சிச் சரிவுகளை விலக்கி, துண்டு மாற்றி எரித்தல். சித்திரையில் எங்குமே தீ இல்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, 2011இல் பிலிகிரிரங்கன் மலைச் சோளகருக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் வாழும் மக்களுக்கு அத்தகைய உரிமை நாட்டிலேயே முதன்முறையாகக் கிடைத்தது அங்கேதான். தேன் எடுக்கலாம். நெல்லிக்காய் எடுக்கலாம். காட்டைக் காக்கும் பொறுப்பிலும் பங்கு கொள்ளலாம். தை மாதத்தில் சருகுக்கு ஒரு தீக்குச்சி கிழித்தால் மட்டும் அவர்கள் இன்றும் சட்டத்தின் முன் குற்றவாளிகள். முதலில் ஒரு சரிவிலாவது, ஆய்வாளர்கள் அளந்து பார்க்க, வனத்துறை உடன் நிற்க, அந்தத் தீயை வைக்க அவர்களை அனுமதிக்க வேண்டும்.